இன்னும் வராத லென்ஸ்

போன ஐப்பசியில் வலது கண்ணில் புரை எடுத்துக்கொண்டேன். அறுவை சிகிச்சைக்கு முந்தின வாரம் டாக்டர் என்னை எதிரில் உட்காரவைத்து, "சார், எந்த லென்ஸ் வைக்கலாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார்.

நாற்பது வருடமாக இந்தக் கேள்வியை யாராவது என்னிடம் கேட்க மாட்டார்களா என்று இருந்தவன் நான். வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த என் மனைவி முந்திக்கொண்டாள். "டாக்டர், இவுககிட்ட லென்ஸைப் பத்திப் பேச்சுக் கொடுத்தா இன்னைக்கு நீங்க வேற பேஷண்டைப் பார்க்க முடியாது."

டாக்டர் சிரித்துவிட்டு விளக்கினார். மோனோஃபோகல் என்று ஒன்று. தூரத்தில் உள்ளது தெளிவாகத் தெரியும், பேப்பர் படிக்கக் கண்ணாடி போட வேண்டும். மல்டிஃபோகல் என்று இன்னொன்று. தூரம், கிட்டம் இரண்டுக்கும் ஒரே லென்ஸ் ஈடுகொடுக்கும். ஆனால் வெளிச்சத்தைப் பங்கு போட்டுக்கொள்வதால், சிலருக்கு இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியலாம்.

"மோனோஃபோகலே போதும்" என்றேன். விலை ஒரு காரணம். இன்னொரு காரணத்தை டாக்டரிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். கேமராவிலும் எனக்கு அந்த ஜாதி லென்ஸ்தான் பிடிக்கும்.

கேமராக்காரர்கள் அதை பிரைம் லென்ஸ் என்பார்கள். ஜூம் லென்ஸைத் திருகினால் தூரத்தில் இருப்பது கிட்டே வரும். பிரைம் லென்ஸில் அந்த வேலை நடக்காது. அதன் குவியத் தூரம் ஒன்றே ஒன்று. 50 மில்லிமீட்டர் என்றால் 50தான். படத்தில் ஆள் பெரிதாக விழ வேண்டுமானால் நாம்தான் நடந்து கிட்டே போக வேண்டும். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸோடு இதை முழுக்க ஒப்பிட முடியாது. கேமராவில் கிட்டம், தூரம் இரண்டுக்கும் ஃபோகஸை மாற்றிக்கொள்ளலாம். கண்ணில் வைத்தது வைத்ததுதான். ஆனாலும் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யட்டும், மற்றதற்கு நாம் நகர்ந்துகொள்வோம் என்ற குணம் இரண்டிலும் ஒன்று.

இனி ஃபுல் ஃபிரேம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் 36 படம் எடுக்கும் ஃபிலிம் சுருள் வாங்கியிருப்பீர்கள். அதில் ஒவ்வொரு படமும் 36 மில்லிமீட்டர் நீளம், 24 மில்லிமீட்டர் உயரம். டிஜிட்டல் கேமராவில் ஃபிலிம் இருந்த இடத்தில் சென்சார் உட்கார்ந்தது. அதே அளவு சென்சார் இருந்தால் அது ஃபுல் ஃபிரேம். விலையைக் குறைப்பதற்காகச் சின்ன சென்சார் வைத்த கேமராக்களும் உண்டு. 2009-ல் நான் வாங்கிய நிக்கான் டி90 அந்த வகை. அதில் 50 மில்லிமீட்டர் லென்ஸைப் போட்டால் 75 மாதிரிப் பார்க்கும். எங்கள் வீட்டுக் கூடத்தில் நாலு பேரை ஒன்றாக நிற்கவைத்து எடுக்கப் பின்னாலே போய்ப் போய்ச் சுவரில் முதுகு இடித்ததுதான் மிச்சம்.

என்னிடம் இருந்த லென்ஸ்கள் அதற்கு முந்தியவை. 1985 ஆவணியில் எனக்குக் கல்யாணம். மறு வருடம் என் மச்சினர் துபாயிலிருந்து விடுமுறையில் வந்தபோது ஒரு நிக்கான் எஃப்.எம்.2 கேமராவும் 50 மில்லிமீட்டர் லென்ஸும் கொண்டுவந்தார். 1988-ல் வந்தபோது 105 மில்லிமீட்டர், எஃப் 2.5 லென்ஸ் ஒன்றைக் கையில் கொடுத்தார். "கடைக்காரன் முகம் எடுக்க இதுதான் நல்லதுன்னான் அத்தான்" என்றார். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. 1984-ல் பெஷாவர் பக்கத்து அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த பச்சைக் கண் ஆப்கன் சிறுமியின் படம், மறு வருடம் நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டையில் வந்து உலகம் முழுக்கப் பேசப்பட்டதல்லவா, அதை எடுத்தது எஃப்.எம்.2-வும் இந்த 105 லென்ஸும்தான். எனக்கு அது தெரியவந்தது ரொம்பப் பிந்தி.

அந்த லென்ஸில் நான் எடுத்த நல்ல படம் ஒன்றே ஒன்றுதான். 1988-ல் ஒரு வெள்ளிக்கிழமை. என் மனைவி தலைக்குக் குளித்துவிட்டு முற்றத்தில் நின்று முடியை உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் திண்ணையில் இருந்தேன். ஊட்டியில் தயாரான இந்து ஃபிலிம், கறுப்பு வெள்ளை. அவள் யாரிடமோ பேசிக்கொண்டே திரும்பினாள். ஒரே ஒரு தடவை அழுத்தினேன். முகத்தில் ஒரு ஓரமாக வெயில், கண்ணில் அடுப்படி நினைப்பு. போஸ் கொடுக்கிற முகம் இல்லை. அந்தப் படம் இன்றும் கூடத்தில் மாட்டியிருக்கிறது. "அதுல நான் சிரிக்கவே இல்லையே" என்பது அவளுடைய 37 வருடப் புகார்.

டி90 வந்த பிறகு அந்த லென்ஸ் பீரோவுக்குள் போனது. பழைய கையால் திருகும் லென்ஸை டி90-ல் பொருத்தலாம், ஆனால் வெளிச்ச அளவு காட்டாது. வருடத்துக்கு இரண்டு முறை வெளியே எடுத்து, பூஞ்சை பிடிக்காமல் இருக்க வெயில் காட்டித் துடைத்து வைப்பேன். ஊறுகாய் ஜாடிக்குச் செய்கிற உபசாரம் அதற்கும் நடந்தது.

மூன்று வருடம் முன்னால் என் மகன் ஒரு நிக்கான் இசட் 5 வாங்கிக் கொடுத்தான். ஃபுல் ஃபிரேம், கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகை. கூடவே 24-50 ஜூம், பழைய லென்ஸ்களைப் பொருத்த ஒரு அடாப்டர். பழைய கேமராக்களில் லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் நடுவே 46.5 மில்லிமீட்டர் தூரம். இந்தப் புதிய கேமராவில் வளையத்துக்கும் சென்சாருக்கும் 16 மில்லிமீட்டர்தான். நடுவில் குறையும் முப்பது மில்லிமீட்டரை ஈடுகட்டுவது அந்த அடாப்டர். 105-ஐ மாட்டி வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தபோது 1988-ல் பார்த்த அதே அகலம், அதே நெருக்கம். 50 மறுபடி 50 ஆகிவிட்டது. 105 மறுபடி 105.

உடனே மனைவியைக் கூப்பிட்டேன். அதே முற்றம், அதே திண்ணை. படம் எடுத்து, கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தாள்.

"காது நல்லா விழுந்திருக்கு" என்றாள்.

உண்மைதான். காதும் கம்மலும் அவ்வளவு கூர்மை. கண் இரண்டும் கலங்கல். காரணம் எனக்குத் தெரியும். இரண்டு மீட்டர் தூரத்தில் இந்த லென்ஸை முழுக்கத் திறந்துவைத்தால், தெளிவாக விழுகிற ஆழம் மொத்தமே சுமார் 5 சென்டிமீட்டர். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் அதைவிட அதிக இடம் இருக்கிறது. நான் ஃபோகஸைத் திருகி முடிப்பதற்குள் அவள் சற்று முன்னால் அசைந்திருப்பாள், அல்லது நான் அசைந்திருப்பேன். முப்பது வயதில் விரல் தானாகச் செய்த வேலை இது. புரை எடுத்த பிறகும் சோதித்துப் பார்த்தேன். கண் தெளிவாகத்தான் இருக்கிறது. விரல்தான் பிந்துகிறது. கேமராவில் காட்சியைப் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்யும் வசதி உண்டு. நான் பெரிதாக்கி முடிக்கும்போது பேத்தி முற்றத்தைத் தாண்டி வாசலுக்குப் போயிருப்பாள்.

இதே கேமரா தானாக ஃபோகஸ் செய்யும்போது ஆளின் கண்ணைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொள்கிறது. நான் தேட வேண்டியதில்லை. ஆனால் அதற்கு லென்ஸுக்குள் மோட்டார் வேண்டும். என் 105-ல் அது கிடையாது. இரும்பு, கண்ணாடி, கொஞ்சம் கிரீஸ், அவ்வளவுதான்.

ஆகவே நான் காத்திருக்கிற லென்ஸ் இது: 100 மில்லிமீட்டரைச் சுற்றி ஒரு குவியத் தூரம், எஃப் 2.5 அல்லது 2.8, தானாக ஃபோகஸ், 300 கிராமுக்குள் எடை.

"அதான் 85 இருக்கே" என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். இருக்கிறது. 85 மில்லிமீட்டர், எஃப் 1.8, 470 கிராம். நல்ல லென்ஸ் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் கடையில் மாட்டிப் பார்த்தேன். பிழை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கேமராவோடு சேர்த்துக் கழுத்தில் ஒரு கிலோவுக்கு மேல் தொங்கியது. 105-லும் ஒன்று இருக்கிறது. அது பூச்சி, பூவின் மகரந்தம் எல்லாம் எடுக்கும் மேக்ரோ லென்ஸ், 630 கிராம். 135 இருக்கிறது, கிட்டத்தட்ட ஒரு கிலோ. எஃப் 1.2 லென்ஸ்கள் ஒரு கிலோவைத் தாண்டுகின்றன.

இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். "அந்தக் காலத்து லென்ஸ் எல்லாம் எவ்வளவு குட்டி" என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பேன். ஒரு நாள் மனைவி அடுப்படித் தராசை எடுத்துவந்து முன்னால் வைத்தாள். 105-ஐத் தூக்கி வைத்தேன். 435 கிராம். அடாப்டரையும் சேர்த்தால் புதிய 85-ஐவிடக் கனம். அப்போது நான் தூக்கியதும் கனமான லென்ஸ்தான். முப்பது வயதுக் கை அதை எடை என்றே எண்ணவில்லை. இப்போது வலது மணிக்கட்டு ஒவ்வொரு நூறு கிராமுக்கும் கணக்குக் கேட்கிறது.

புதிய லென்ஸ்கள் ஏன் பெருத்துப்போயின என்பதற்கும் நியாயம் உண்டு. பழைய 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸில், ஆட்டோஃபோகஸ் வந்த காலத்தில்கூட, கண்ணாடித் துண்டுகள் 6தான். எடை 155 கிராம். புதிய 50 எஃப் 1.8-ல் 12 துண்டுகள், 415 கிராம். படத்தின் மூலை வரைக்கும் ஒரே கூர்மை வேண்டும், அகலத் திறந்தாலும் குறையக் கூடாது என்று வடிவமைக்கிறார்கள். போஸ்ட் கார்டு அளவில் பிரிண்ட் போட்டுப் பார்த்த காலம் போய், இன்று ஒவ்வொருவரும் திரையில் பெரிதாக்கி மூலையைச் சோதிக்கிறோம். கேட்டதைத்தான் செய்து கொடுக்கிறார்கள். ஆனால் நான் எடுக்கும் படத்தில் மூலையில் இருப்பது பெரும்பாலும் துணி காயும் கொடி. அது கூர்மையாக விழாவிட்டால் எனக்கு நஷ்டமில்லை.

சின்ன லென்ஸ் செய்யவே முடியாதா என்றால், முடியும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. சோனி 2021-ல் 24, 40, 50 என்று மூன்று பிரைம் லென்ஸ்கள் கொண்டுவந்தது. ஒவ்வொன்றும் 180 கிராமுக்குள். அப்பெர்ச்சரை மாற்ற லென்ஸிலேயே வளையம் வேறு. அதே வருடம் சிக்மா ஒரு 90 மில்லிமீட்டர் எஃப் 2.8 கொண்டுவந்தது, ஃபுல் ஃபிரேமுக்கு, 295 கிராம். நான் மேலே எழுதிய ஆசை ஏறக்குறைய அப்படியே அதில் இருக்கிறது. ஆனால் அது வேறு கேமராக்களின் வளையத்துக்குச் செய்தது, என்னுடையதில் நேரடியாக மாட்ட முடியாது. பக்கத்து வீட்டுச் சாவி எவ்வளவு பளபளத்தாலும் நம் பூட்டைத் திறக்குமா?

நிக்கானும் சின்ன லென்ஸை மறந்துவிடவில்லை. 2021-ல் 28 மில்லிமீட்டரும் 40 மில்லிமீட்டரும் வந்தன. 2023-ல் 125 கிராமில் ஒரு 26 வந்தது. 40-ஐ என் மகன் வாங்கிக் கொடுத்தான். 170 கிராம்தான். இந்த ஆனித் தேரோட்டத்துக்கு அதைத்தான் கொண்டுபோனேன். ரத வீதியில் நெல்லையப்பர் தேர் திரும்பும்போது வடம் பிடிப்பவர்களின் தோள்களுக்கு நடுவே நின்று எடுத்தேன். கேமரா கையில் இருப்பதே தெரியவில்லை. எனக்கு ஒரு ஆசை சேர்ந்தது: இதேபோல 24-லும் ஒன்று, லென்ஸில் அப்பெர்ச்சர் வளையத்தோடு. அந்த வளையத்தில் 2.8, 4, 5.6 என்று எண்கள் இருந்தால், கேமராவைத் தூக்குமுன்னே ஒரு பார்வையில் தெரிந்துகொள்ளலாம். சின்னத் திரையில் சின்ன எழுத்தைப் படிக்க நான் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தாக வேண்டும். டாக்டரிடம் மோனோஃபோகல் கேட்டு வாங்கியவன் நானேதானே.

ஆக, நிக்கானின் சின்ன லென்ஸ் என்றால் இப்போதைக்கு 40 மில்லிமீட்டரோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே, முகம் எடுக்கும் நீளத்தில், சின்னது ஒன்றும் இல்லை.

"40-ஐ வச்சுக்கிட்டுப் பக்கத்துல போய் எடுங்களேன் அப்பா. இல்லைன்னா ஃபோன்லயே போர்ட்ரெய்ட் மோட் இருக்கே" என்றான் மகன். பேத்தியிடம் அது பலிக்கிறது. ஃபோனைக் கண்டதும் பல்லைக் காட்டி இரண்டு விரலைத் தூக்குகிற தலைமுறை அது. என் மனைவியிடம் பலிக்காது. 105-ல் இரண்டு மீட்டரில் கிடைக்கிற அதே முகம் 40-ல் வேண்டுமானால், முக்கால் மீட்டருக்குள் போக வேண்டும். அவ்வளவு கிட்டத்தில் மூக்கு சற்றுப் பெரிதாகவும் காது சற்றுச் சின்னதாகவும் விழும். அதுகூடப் பரவாயில்லை. கேமரா நெருங்கியதும் அவள் முகம் மாறிவிடுகிறது. "ஏன் இப்படி மூஞ்சிகிட்ட கொண்டு வாரிய?" என்று சேலைத் தலைப்பைச் சரிசெய்வாள். அதன் பிறகு கிடைப்பது ரேஷன் கார்டுக்கு எடுத்த மாதிரி ஒரு முகம்.

இரண்டு மீட்டர் என்பது எங்கள் வீட்டுத் திண்ணைக்கும் முற்றத்துக்கும் உள்ள தூரம். அவள் அங்கே நின்று ஒரு வேலை பார்ப்பாள். நான் இங்கே உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். பேசிக்கொண்டே இருப்போம், பேசாமலும் இருப்போம். நாற்பது வருடத்தில் பெரும்பாதி இந்தத் தூரத்தில்தான் போயிருக்கிறது. அந்த இடத்தில் நான் இருப்பது அவளுக்கு நினைவில் இருக்காது, நினைவில் இல்லாமலும் போகாது. 1988 படத்தில் இருக்கிற முகம் அந்தத் தூரத்தில் மட்டும் வருகிற முகம். 105 லென்ஸில் நான் விரும்புவது அந்தத் தூரத்தைத்தான். பின்னணி கலங்கி அழகாக விழுவதெல்லாம் அப்புறம்.

கூடத்தில் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆணி சும்மா இருக்கிறது. 26 வயதுக்குப் பக்கத்தில் 63 வயதை மாட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை.

அவளிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "அந்த லென்ஸ் எப்ப வருமாம்?"

"தெரியாது. வரும்னும் யாரும் சொல்லலை."

"சரிதான். அது வார வரைக்கும் நான் இப்படியே இருப்பேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கியளா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. முப்பது வயதில் ஒரு பொருளுக்காகக் காத்திருப்பதில் ஒரு சுகம் உண்டு. எழுபதை நெருங்கும்போது அந்தக் கணக்கு வேறு. லென்ஸ் செய்கிறவர்களுக்குப் பத்து வருடத் திட்டம் இருக்கலாம். எனக்கு அது தாங்காது.

எனவே ஒரு கெடு வைத்துக்கொண்டேன். அடுத்த ஆனித் தேர் வரை பார்ப்பேன். சின்ன லென்ஸ்களுக்குக் கேட்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். சிக்மா 2024-ல் என் கேமரா வளையத்துக்கும் லென்ஸ் செய்யத் தொடங்கிவிட்டது. இப்போதைக்குச் சின்ன சென்சாருக்கானவை மட்டும், ஆனாலும் கதவு திறந்திருக்கிறது. எதுவும் வராவிட்டால் அந்த 470 கிராம் 85-ஐயே வாங்கிவிடுவேன். ஒரு மாத ஓய்வூதியம் அதற்குப் போதாது, இரண்டு மாதம் சேர்க்க வேண்டும். கழுத்தில் தொங்கவிடாமல் திண்ணைத் தூணோரம் ஒரு ஸ்டூல் போட்டு, முழங்கையை அதில் ஊன்றிக்கொண்டால் மணிக்கட்டுக்கும் வலிக்காது. முன்னே சொன்ன தூரம் 85-க்குச் சற்றுக் குறையும். ஸ்டூலை ஒரு முழம் முன்னால் நகர்த்திக்கொள்ள வேண்டியதுதான். பிரைம் லென்ஸ்காரன் நகர்வதற்குச் சோம்பக் கூடாது.

அதுவரை பழைய 105-ஐ மாட்டி வாரம் ஒரு முறை கை பழக்குகிறேன். போன வெள்ளிக்கிழமை எடுத்த ஒன்பது படத்தில் ஒன்றில் இடது கண் சரியாக விழுந்திருக்கிறது. வலது கண் இல்லை. காட்டினேன். "பாதி கிணறு தாண்டிட்டிய" என்றாள்.

நேற்று சாயங்காலம் கடைக்குக் கிளம்பும்போது பின்னாலிருந்து கூப்பிட்டாள். "தலைக்கு அடிக்கிற மை தீர்ந்துபோச்சு. வாங்கணுமா, உங்க லென்ஸ் வார வரைக்கும் வேண்டாமா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். 1988 படத்தில் எல்லாமே கறுப்பு முடி. இந்தப் படத்தில் நரை ஒவ்வொன்றும் தனித்தனியாக விழ வேண்டும்.